எந்த வண்டிக்கு சார்?

போன மாதம் ஆம்பூர் பஜாரில் ஒரு ஆட்டோ உதிரிபாகக் கடையில் நின்று, பாம் பாம் ஹாரனுடைய ரப்பர் குமிழ் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டேன். கடைப் பையன் "எந்த வண்டிக்கு சார்?" என்றான். வண்டிக்கு இல்லை தம்பி, எலுமிச்சம்பழச் சாறு ஊற்றுவதற்கு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய் முதலாளியிடம் ஏதோ சொன்னான். எழுபத்திரண்டு வயதில் இந்த மாதிரிப் பார்வை எனக்குப் பழகிவிட்டது. வீட்டிலும் அதே பார்வைதான். மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் ஒரு ஸ்பூன், ஒரு வடிகட்டி, ஒரு பழைய டம்ளர் ஒழுங்காக அதனதன் இடத்தில் இருந்ததில்லை.

நான் வாத்தியார் இல்லை. பேரணாம்பட்டிலும் பிறகு ஆம்பூரிலுமாகத் தோல் ஷாப்பு லேப்பில் 36 வருஷம் இருந்து 2011-ல் ஓய்வு பெற்றவன். பிக்கிள் தண்ணீரில் அமிலம் எவ்வளவு, தோலின் வெட்டு முகத்தில் ஒரு சொட்டு ப்ரோமோகிரசால் கிரீன் விட்டால் மஞ்சளா நீலமா, குரோம் நடுவரை இறங்கிவிட்டதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. எல்லாம் கண் வேலை. தொட்டுப் பார்க்கிற வேலை எனக்கில்லை. அது செலக்ஷன் பார்க்கிற பாய்களுடையது. இரண்டு விரலுக்கு நடுவே தோலை ஓடவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டே கிரேடு சொல்வார்கள். லேப்காரர்களான எங்களுக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் இளக்காரம் உண்டு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இந்த வேலை தொடங்கியது தோல் துண்டில்தான். எங்கள் எதிர்வீட்டு மாடியில் ஒரு டீச்சர் குடிவந்தார். வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியை. கண் தெரியாத குழந்தைகள் தொட்டுப் பார்க்க ஒரு புத்தகம் செய்கிறேன், சொரசொரப்பு, வழவழப்பு என்று விதவிதமாகத் தோல் துண்டு கிடைக்குமா சார் என்று கேட்டார். ஆம்பூரில் தோல் துண்டுக்கா பஞ்சம்? தெரிந்த ஷூ கம்பெனிக் கட்டிங் செக்ஷனில் சொல்லி ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். டீச்சர் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "சார், சின்னப் பிள்ளைங்க வாயில வெச்சிடும். ஒண்ணும் ஆகாதே?" என்றார்.

எனக்கு வாயடைத்துப்போனது. பையில் இருந்தது அத்தனையும் குரோம் தோல். பாலாற்றுத் தண்ணீர் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்ததை வரிவரியாகப் படித்தவன் நான். எந்தத் துண்டில் என்ன இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு குழந்தை அதை வாயில் வைக்கும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. பையைத் திருப்பி எடுத்துப் போய், பட்டைச் சத்தில் பதனிட்ட தோலாகத் தேடிப் பிடித்தேன். ஆவாரம்பட்டை, கடுக்காய் என்று நம் தாத்தாக்கள் போட்டது. இப்போது பெரும்பாலும் வாட்டில் பட்டை. அதைக் கொடுத்தபோதும் டீச்சர், "இதையும் வாயில வைக்க விடமாட்டேன் சார்" என்று சிரித்தார். அப்புறம், "நீங்க கெமிஸ்ட்தானே, வியாழக்கிழமை மையத்துக்கு வாங்களேன், பிள்ளைங்களுக்கு ஏதாவது செஞ்சு காட்டுங்க" என்றார்.

செஞ்சு காட்டுங்க என்ற சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டதுதான் என் முதல் தப்பு.

முதல் வியாழன் செம்பருத்திச் சாறு, மஞ்சள் தூள், சோடா உப்பு, எலுமிச்சை எல்லாம் கொண்டுபோனேன். நிறம் மாறும் வித்தை. ஏழெட்டுப் பிள்ளைகள், கூடவே அம்மாக்கள், பாட்டிகள். மஞ்சள் தண்ணீர் ரத்தச் சிவப்பாக மாறியதும் அம்மாக்கள் எல்லாம் 'அட' என்றார்கள். முன்வரிசையில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று. பிறவியிலேயே பார்வை இல்லை. எல்லாரும் எதற்கு 'அட' என்கிறார்கள் என்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூளை முடக்குவாதம் வந்த பையன், ஐந்து வயது. கை இரண்டும் முறுக்கிக்கொண்டு சொன்னபடி கேட்காது. பேச்சும் இல்லை. அவனும் செய்யட்டும் என்று அவன் விரல்களைப் பிரித்து, என் கைக்குள் வைத்து, டம்ளரைப் பிடிக்க வைத்து ஊற்றினேன். அவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். அவனுடைய பாட்டி, "அவனுக்கு இன்னா சார் தெரியும். சும்மா உக்காந்துகினு இருப்பான், வுடுங்க" என்றார். அம்மா ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங். பாட்டிதான் தூக்கிக்கொண்டு வருவார்.

திரும்பும்போது டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "நல்லா இருந்துச்சு சார். ஆனா பாப்பாவுக்கு அங்க ஒண்ணுமே நடக்கல. தம்பி கையில நீங்கதான் ஊத்தினீங்க. அவன் எங்க ஊத்தினான்?"

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் உறுத்தல் இருந்தது. டீச்சரிடமே உட்கார்ந்து கேட்டேன். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தவர் என்பது எனக்குத் தெரியும். அவர் முறையே ரோம் நகரில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுடன் வேலை செய்ததிலிருந்து முளைத்தது என்பதை டீச்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எழுத்தை உப்புத்தாளில் வெட்டி விரலால் தடவ வைத்தார் அல்லவா, அதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

அடுத்த முறை நிறத்தை விட்டுவிட்டேன். ஒரு கிண்ணத்தில் சோடா உப்பு, இன்னொன்றில் எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீர். அமிலம் கண்ணில் படாமல் துடைக்க ஒரு ஈரத் துணியோடு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பாப்பாவின் கையிலேயே ஸ்பூனைக் கொடுத்தேன். அவளாகக் கிண்ணத்தைத் தடவிப் பார்த்து ஊற்றினாள். புஸ்ஸென்று பொங்கியது. முதலில் பயந்து கையை இழுத்துக்கொண்டாள். பிறகு காதைக் கிட்டே கொண்டுபோனாள். அப்புறம் விரலை நுரைக்குள் விட்டாள். குமிழிகள் விரலில் முட்டி உடைவதில் சிரிப்பு. இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அடுத்து வந்தது. இன்னொரு கையால் கிண்ணத்தின் அடியைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, தண்டா ஹோரா!" என்றாள். அவர்கள் வீட்டில் உருது. குளிர்ந்துகொண்டே போகிறது என்கிறாள்.

இல்லை பாப்பா, பொங்கினால் சூடாகத்தானே இருக்கும் என்று வாய்வரை வந்துவிட்டது. கிண்ணத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

நண்பர்களே, இதே சோடா உப்பை மூட்டை மூட்டையாக ட்ரம்மில் போடச் சொல்லி எழுதிக்கொடுத்தவன் நான். அமிலத்தில் ஊறிய தோலில் குரோம் இறங்கியதும், அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிக்க சோடா உப்பைக் கரைத்து மூன்று நான்கு தவணையாக விடுவோம். ஒரே தடவையில் கொட்டினால் குரோம் மேல்முகத்திலேயே உட்கார்ந்துவிடும், தோல் வீணாகும். இந்த வினை சுற்றியிருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்று புத்தகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். ஆனால் ட்ரம் சுற்றுகிற உராய்வுச் சூட்டில் அது தெரியாது. தொட்டுப் பார்க்கவும் தோன்றியதில்லை. நுரையைப் பார்த்தேன், அவ்வளவுதான். அன்று ராத்திரி வீட்டில் தெர்மாமீட்டர் வைத்துச் செய்து பார்த்தேன். 29-லிருந்து 24-க்கு இறங்கியது. என் வீட்டம்மா, "அந்தக் குழந்தை சொல்லிடுச்சில்ல, அப்புறம் என்ன சோதனை?" என்றாள்.

அதற்குப் பிறகு பாப்பாதான் எனக்கு லேப் அசிஸ்டென்ட் என்று சொல்லலாம். அல்லது நான் அவளுக்கு.

உங்களில் சிலருக்கு அர்விந்த் குப்தா பெயர் தெரிந்திருக்கும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு, மோட்டார் கம்பெனி வேலையில் இருந்தபோதே விடுப்பு எடுத்துக்கொண்டு ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளுக்குப் போனவர். சைக்கிள் வால்வு ட்யூபும் தீக்குச்சியும் வைத்து வடிவக் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 2018-ல் பத்மஸ்ரீ. அவர் காட்டிய பொம்மைகளில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஒரு பலகை உண்டு. வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தை ஒட்டி, அதன்மேல் கம்பளி நூலை இழுத்தால் நூல் அப்படியே பிடித்துக்கொள்ளும். போட்ட கோட்டை விரலால் படிக்கலாம், வேண்டாமென்றால் உரித்துவிடலாம். செருப்பு வார் தைக்கிற ஊரில் வெல்க்ரோ துண்டுக்கு நான் எங்கே போக வேண்டும்? ஒரே நாளில் செய்துவிட்டேன். வெல்க்ரோவைக் கண்டுபிடித்த சுவிட்சர்லாந்துக்காரர் தன் நாயின் ரோமத்தில் ஒட்டிய காயைப் பார்த்துத்தான் அந்த யோசனையைப் பிடித்தாராம். நாம் நாயுருவி ஒட்டிய வேட்டியைத் திட்டிக்கொண்டே உதறினோம்.

அந்தப் பலகையில் பாப்பா படம் வரைவாள் என்று நினைத்தேன். அவளுக்குப் படத்தில் அக்கறை இல்லை. மொச்சைக் கொட்டையை ஈரத் துணியில் முளைக்கப் போட்டோம். தினம் வேரை விரலால் தடவி, அதன் நீளத்துக்கு நூலை அவள் அம்மி வெட்டிக் கொடுக்க, பலகையில் பக்கம் பக்கமாக ஒட்டினாள். ஐந்து நாள், ஐந்து நூல். கடைசியில் உள்ளங்கையை நூல்களின் மேல் வைத்து, படிக்கட்டு மாதிரி ஏறுகிறது என்றாள். வரைபடம் என்பதை எனக்கு எட்டாம் வகுப்பில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு வேர்கள் அவள் விரலில் உடைந்தும்போயின. உடைந்ததும் அழுதாள். டீச்சர் என்னிடம், "நெறைய போடுங்க சார், பத்து உடையட்டும்" என்றார். அதிலிருந்து எதைச் செய்தாலும் உடைவதற்கென்று ஒரு பங்கு சேர்த்தே எடுத்துப் போகிறேன்.

என் அகம்பாவத்துக்கு ஒரு சின்ன அடியும் விழுந்தது. தண்ணீர் அளப்பதற்குப் புது சிரிஞ்சின் தண்டில் அரத்தால் ஐந்து மில்லிக்கு ஒரு வெட்டு போட்டேன். இழுக்கும்போது நகத்தில் தட்டுப்படும், கண் வேண்டாம். பெரிய கண்டுபிடிப்பு என்று இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். பிறகு என் மகன் கணினியில் தேடி, 1970-களிலேயே அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள லாரன்ஸ் ஹால் ஆஃப் சயன்ஸ் என்ற இடத்தில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான அறிவியல் சாமான்களில் இதே மாதிரி வெட்டுப் போட்ட சிரிஞ்ச் இருந்ததைக் காட்டினான். நான் ஐம்பது வருஷம் பிந்திவிட்டேன்.

அவ்வளவு தூரம் போவானேன். கருவியைக் கைக்குத் தக்கபடி மாற்றுவது நம் ஜில்லாவில் பழைய வேலை. டாக்டர் பால் பிராண்ட் சி.எம்.சி.யில் தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவை செய்து நிமிர்த்தியதோடு விடவில்லை. உணர்ச்சியில்லாத கையில் கொப்புளம் வராதபடி தச்சுக் கருவிகளின் கைப்பிடிகளை மாற்றி வேலையும் கற்றுக்கொடுத்தார். டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தக் கைகளுக்கு அறுவை செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, 1966-ல் வேலூரில் அதற்கென்றே நிலையம் தொடங்கினார். காட்பாடி வொர்த் டிரஸ்டில் பெர்கின்ஸ் பிரெயில் தட்டச்சு இயந்திரம் செய்கிறார்கள். ஆறு புள்ளிக்கு ஆறு விசை. இத்தனையும் முப்பது மைல் சுற்றளவில் இருந்தும், நான் ஒரு குழந்தையின் கையைப் பிடித்து டம்ளரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவுக்கு வழி சுலபமாகக் கிடைத்தது. கை நன்றாக இருக்கிற குழந்தை. இவனுக்கு எது இவன் வசத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் போயிற்று. பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்னார்: வலது முழங்கையைக் கீழே அமுக்குவான், சமயத்தில் நேரமாகும், ஆனால் அது அவனாகச் செய்வது. நாற்காலியில் இடுப்பையும் பாதத்தையும் தாங்கி உட்காரவைத்தால் இன்னும் நன்றாக வரும் என்றும் சொன்னார். அதற்குப் பழைய கார்க் சோல் அட்டைகளை வெட்டி அணைகொடுத்தோம்.

எங்கள் லேப்பில் வாஷ் பாட்டில் என்று ஒன்று இருக்கும். கார்க்கில் இரண்டு குழாய். குட்டைக் குழாயில் ஊதினால், நெட்டைக் குழாய் வழியாகத் தண்ணீர் வெளியே வரும். அதையே செய்தேன். ஊதும் குழாயில் வாய்க்குப் பதில் ஹாரனின் ரப்பர் குமிழ். அதை ஒரு பலகையில் தோல் வாரால் கட்டி, அவன் முழங்கைக்கு அடியில் வைத்தேன். அமுக்கினால் பாட்டிலில் இருக்கிற எலுமிச்சைச் சாறு எதிரே இருக்கிற சோடா உப்பில் விழ வேண்டும்.

முதல் நாள் கூத்து. அவன் அமுக்கினான், சாறு போனது, பொங்கியது. சரி என்று நிமிர்வதற்குள் அவன் முழங்கையை எடுக்க, குமிழ் விரிந்து, குழாய் நுரையை உறிஞ்சிக்கொண்டு போய்ச் சாறு பாட்டிலுக்குள்ளேயே பொங்கி, கார்க் பிய்த்துக்கொண்டு, என் வேட்டி, டீச்சர் புடவை, சுவர் எல்லாம் அபிஷேகம். பையன் சத்தம் போட்டுச் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாட்டி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "பண்ணதெல்லாம் பண்ணிட்டு சிரிப்பப் பாரு" என்றார். சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். யார் பண்ணியது என்பது அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது.

குழாயின் நுனியைக் கிண்ணத்துக்கு மேலே தூக்கிக் கட்டியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. அடுத்த வியாழன் அவன் ஒரே அமுக்காக அமுக்கினான். பொங்கி வழிந்தது. இரண்டாவது கிண்ணத்துக்குக் கொஞ்சமாக அமுக்கிவிட்டு நிறுத்தினான். நுரை எழும்புவதைப் பார்த்தான். அது அடங்கும்வரை முழங்கையைத் தூக்கியே வைத்திருந்தான். அவன் உடம்புக்கு அப்படித் தூக்கி வைத்திருப்பது எவ்வளவு சிரமம் என்று பிசியோதெரபிஸ்ட் பிறகு சொன்னார். மறுபடி கொஞ்சம். மறுபடி நிறுத்தினான். நாலு தவணை, ஒரு சொட்டு வழியவில்லை. நான் ட்ரம் பக்கத்தில் நின்று புது ஆட்களுக்குத் தொண்டை கிழியச் சொல்லியும் ஏறாத பாடம் அது. பாட்டி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது வழக்கம்போலத் தோளில் போட்டுக்கொள்ளாமல், முகம் முன்னால் பார்க்கும்படி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

ஜூனில் பள்ளியில் சேர்ப்பது பெரும் பாடாக இருந்தது. வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கிறார்களே, அது போதாதா, கூட்டத்தில் இந்தப் பிள்ளை என்ன செய்வான் என்று ஓரிடத்தில் கேட்டார்கள். 2016-ஆம் வருஷச் சட்டப்படி ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை பக்கத்துப் பள்ளியில் படிக்க அவனுக்கு உரிமை இருக்கிறது என்று டீச்சர் தாளை எடுத்துக் காட்டினார். தாளைவிட அவன் அம்மா லீவு போட்டுவிட்டு வந்து வாசலிலேயே உட்கார்ந்ததுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். இப்போது போகிறான். வாரம் இரண்டு நாள்தான். மற்ற நாட்களுக்கு ஆட்டோ செலவு கட்டுப்படியாகவில்லை. அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

குமிழ் வெடித்தது பள்ளியில்தான். சாமானைக் கொண்டுபோய்க் காட்டியதும் முப்பது பிள்ளைகளும் வரிசை கட்டி அமுக்கியிருக்கிறார்கள். யார் அடுத்து என்று இவன்தான் கண்ணாலேயே காட்டினானாம்.

ஆக, உதிரிபாகக் கடை. முதலாளி எழுந்து வந்து, கதை முழுக்கக் கேட்டார். "பழைய லாரி ஹாரன் ஒண்ணு கீது சார், ரப்பரு கொஞ்சம் கெட்டி. பையன் கையில வலு கீதா?" என்றார். கை இல்லைங்க, முழங்கை என்றேன். "அப்ப முழுசா எடுத்துகினு போங்க, அமுக்கிப் பாக்கட்டும். முடியலன்னா திருப்பிக் குடுங்க" என்று பித்தளை வாயோடு சேர்த்தே கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை மையத்தில் பலகைமேல் வைத்தேன். குமிழைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அவன் முழங்கையை வைத்து ஒரு அமுக்கு அமுக்கிவிட்டான். அறையே அதிர்ந்தது. பாப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். காது கேளாத இன்னொரு குழந்தை மூலையில் மணி கோத்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் திடுக்கிட்டதைப் பார்த்து எழுந்து வந்து, ஹாரனின் பித்தளை வாயில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன் மறுபடி அமுக்கினான். அவள் கண் விரிந்தது. கையை எடுத்தாள், அவன் நிறுத்தினான். வைத்தாள், அமுக்கினான்.

எலுமிச்சம்பழம் பையிலேயே இருந்தது. அன்றைக்கு நான் கொண்டுபோன சோதனை எதுவும் நடக்கவில்லை.